அங்கே நல்லாத்தானே இருக்கான்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வார்க்கிற இரும்புக்கு ஹீட் நம்பர் போடுவார்கள். எந்த உலை, எந்தத் தேதி, என்ன கலவை என்று அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்துவிடலாம். அதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் திருவேற்காடும் இருக்கிறது. அங்கிருந்து ஒரு காலத்தில் குழந்தைகள் ஏற்றுமதி ஆனார்கள். அவர்களுக்கு எண்ணும் கிடையாது, பெற்றவள் வைத்த பெயரும் கப்பலேறாது.

கருமாரியம்மன் குடியிருக்கும் ஊர். ஆடி மாதம் முழுக்க ‘தாயே, தாயே’ என்று கூட்டம் அலைமோதும். அந்த ஊரில் மலேசியன் சோஷியல் சர்வீஸ் என்றொரு காப்பகம் இருந்தது. பெயரில் மலேசியா, சேவையோ அமெரிக்காவுக்கும் நெதர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும். போலீஸ் ஆவணங்களின்படி 1991 முதல் 2003 வரை குறைந்தது 165 குழந்தைகளை வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுத்தது. கட்டணமாகச் சுமார் இரண்டரை லட்சம் டாலர் வாங்கியது. எல்லாப் பிள்ளையும் திருட்டுப் பிள்ளை என்று சொல்லவில்லை. சில பிள்ளைகளைச் சென்னைக் குடிசைப் பகுதியிலிருந்து தூக்கி வந்து விற்றார்கள் என்பது வழக்கு. ஒரு தலைக்குப் பத்தாயிரம் ரூபாய் என்று போலீஸ் சொன்னது. அடிமாட்டுச் சந்தையில்கூடப் பல்லைப் பார்த்துப் பேரம் பேசுவார்கள்.

1999. சென்னை, புளியந்தோப்பு. ஒரு பிள்ளை அடிபம்பு அருகே காணாமல் போனது. இன்னொரு பிள்ளை, வீடில்லாத குடும்பத்தோடு சாலையோரம் தூங்கிக்கொண்டிருந்தபோது. புகார் கொடுக்கப் போகிற ஏழைக்கு நம் காவல் நிலையங்களில் கிடைக்கிற அருள்வாக்கு ஊரறிந்தது: “எங்கயாச்சும் வெளையாடப் போயிருக்கும், நல்லாத் தேடிப் பாரும்மா.” அவர்களும் தேடினார்கள். வருஷக்கணக்காக. இருந்ததை விற்று, கடன் வாங்கி, ஜோசியம் பார்த்து.

துப்பு எப்படித் துலங்கியது தெரியுமா? 2005இல் சென்னையில் ஒரு மதுக்கூடத்தில் சில பேர் இந்தக் கடத்தலைப் பற்றிச் சத்தம்போட்டுத் தகராறு செய்தார்கள். காதில் விழுந்தது, போலீஸ் வந்தது. ஆறு வருஷம் தாய்மார் அழுததற்கு அசையாத அரசு இயந்திரம், நாலு குடிகாரர் உளறியதும் ஓடத் தொடங்கியது. மதுவிலக்கு கேட்பவர்கள் இதையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

காகிதம் இல்லாமல் ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் இதில் பெரிய வேடிக்கை. லக்ஷ்மி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 1984லேயே வழிமுறை வகுத்துவிட்டது. மத்தியத் தத்தெடுப்பு வள அமைப்பான ‘காரா’ 1990இல் வந்துவிட்டது. ஆட்சேபணையில்லாச் சான்று உண்டு, ஆய்வு முகமை உண்டு, நீதிமன்ற உத்தரவு உண்டு. வெளிநாட்டுத் தம்பதியின் சம்பளம் என்ன, வீட்டில் எத்தனை அறை, ரத்த அழுத்தம் எவ்வளவு, கல்யாணம் உறுதியாக நிற்குமா என்று குடைந்து குடைந்து விசாரித்தார்கள். பெற்றவளைப் பற்றி? ஒப்படைப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், ஒரு கைநாட்டு. அந்தப் பெருவிரல் யாருடையது என்று கேட்க ஒரு முத்திரைக்கும் நேரமில்லை. கேட்டால் ஃபைல் தாமதமாகும். விமானச் சீட்டு வாங்கிவிட்ட தம்பதி பாவம், ஓட்டலில் காத்திருக்கிறார்கள்.

அங்கே போனதும் எல்லாம் முறைப்படி. தனி அறை, பொம்மை போட்ட போர்வை, காலையில் பாலில் ஊறிய கார்ன்ஃப்ளேக்ஸ், சனிக்கிழமை நீச்சல் வகுப்பு, எட்டு மணிக்குக் கதை, எட்டரைக்கு விளக்கணைப்பு. அன்பில் கலப்படமில்லை; வளர்த்தவர்களில் பெரும்பாலோர் ஏமாற்றப்பட்டவர்கள்தாம். பிள்ளை எப்படிப் பழகுகிறது, என்ன சாப்பிடுகிறது, எத்தனை கிலோ ஏறியிருக்கிறது என்று அறிக்கையும் எழுத வேண்டும். இன்றைய விதிப்படி முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டாம் வருஷம் ஆறு மாதத்துக்கு ஒன்று, புகைப்படத்தோடு. டெல்லிக்கு வரும், அனுப்பிவைத்த நிறுவனத்துக்கு வரும். புளியந்தோப்புக்கு மட்டும் தபால் கிடையாது.

பிறகு ஒருநாள் உண்மை போய்க் கதவைத் தட்டுகிறது. அப்போது எல்லா மேஜையிலிருந்தும் ஒரே பதில்: “அங்கே நல்லாத்தானே இருக்கான்!”

போலீஸ் துப்பு நெதர்லாந்தைக் காட்ட, சாலையோரப் பிள்ளையின் பெற்றோர் அந்நாட்டு நீதிமன்றம் வரை போனார்கள். அவர்கள் கேட்டது பிள்ளையைப் பிடுங்கிக் கொடுக்கச் சொல்லி அல்ல, மரபணுச் சோதனைதான். 2010இல் நீதிமன்றம் மறுத்தது. வளர்ந்துவிட்ட பையனை அவன் விரும்பாததற்குக் கட்டாயப்படுத்துவது அவன் நலனுக்கு ஆகாது என்பது அதன் நியாயம். பையனைக் குறை சொல்ல நாக்கு வராது. அவனுக்குத் தெரிந்த அம்மா அங்கேதான் இருக்கிறாள். ஆனால் கணக்கைப் பாருங்கள். தொலைந்தது 1999. போலீஸ் கண்டுபிடித்தது 2005. தீர்ப்பு 2010. உள்ளூர் ஸ்டேஷன், சிபிசிஐடி, சிபிஐ, தூதரகம், அயல்நாட்டு நீதிமன்றம் என்று ஆளுக்குச் சில வருஷம் தின்றார்கள். தின்று முடித்து, அந்த வருஷங்களையே சாட்சிக் கூண்டில் ஏற்றி, ‘பிள்ளை இங்கே வேர்விட்டுவிட்டது’ என்று சொல்ல வைத்தார்கள். திருட்டுச் சைக்கிளை ஒருவன் பத்து வருஷம் ஓட்டினால் சைக்கிள் அவனுக்குப் பழகிவிட்டது என்று எந்த ஸ்டேஷனிலாவது எழுதிக் கொடுப்பார்களா?

டச்சுக்காரர்கள் நேர்மையானவர்கள், விசாரணைக் குழுவே போட்டார்கள். யௌஸ்ட்ரா குழு 2021இல் அறிக்கை தந்தது. இலங்கை, வங்கதேசம், இந்தோனேசியா, பிரேசில், கொலம்பியா ஆகிய நாடுகளிலிருந்து நடந்த தத்துகளில் முறைகேடு நிறைய என்றது. வெளிநாட்டுத் தத்தையே படிப்படியாக நிறுத்துவதாக 2024இல் அறிவித்தும் விட்டார்கள். அந்தக் குழு அலசியது 1967 முதல் 1998 வரை. பட்டியலில் இந்தியா இல்லை. நம் பிள்ளை திருடு போனது 1999இல். நாடும் பிசகு, நட்சத்திரமும் பிசகு.

இங்கே என்ன மாறிற்று? சிறார் நீதிச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு தத்து உத்தரவு நீதிமன்றத்திலிருந்து மாவட்ட ஆட்சியர் மேஜைக்கு வந்துவிட்டது. விரைவாக முடியுமாம். விரைவு யாருக்கு வேண்டும் என்பதுதான் எப்போதும் கேள்வி. திருவள்ளூர் செங்கல் சேம்பர்களிலும் கும்மிடிப்பூண்டி ஷெட்களிலும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்கள் பிள்ளைகளோடு கிடக்கின்றன. அதில் ஒரு பிள்ளை நாளைக்குத் தொலைந்தால், ஒடியாவில் அழுகிற தாயின் புகாரை எழுதிக்கொள்ள எந்த ஸ்டேஷனில் ஆள் இருக்கிறது? ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மனு வாங்குவார்கள். தமிழில் எழுதிக்கொண்டு வரச் சொல்வார்கள். நகல் இரண்டு.