பஞ்சகல்யாணியின் வயிறு

யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்து, பஸ்களெல்லாம் முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு, பாலத்து மேடு வந்தால் பிரயாணிகளை இறக்கித் தள்ளச் சொன்ன நாட்களில், காலாகாலத்தில் கோர்ட்டுக்குப் போய்ச் சேர்வதற்காக ஒரு குதிரையும் ஜட்கா வண்டியும் வாங்கிவிடுவது என்று நான் தீர்மானித்தேன். கோர்ட்டில் எனக்காக எந்தக் கட்சிக்காரரும் காத்திருக்கவில்லை என்பது வேறு விஷயம். கட்சிக்காரர் இல்லாத வக்கீல் நேரமும் தவறிப் போனால் அவனை வக்கீல் என்று சொல்ல என்னதான் மிச்சம் இருக்கிறது?

குதிரை வாங்குகிறவன் சுழி பார்த்து வாங்கவேண்டும் என்பது நம்மவர் சித்தாந்தம். ஆகையால் நானும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி, விலாச் சுழி என்று ஒரு மணி நேரம் அந்த மட்டக் குதிரையைப் பிரதட்சிணம் செய்தேன். விற்றவர் அதைப் பஞ்சகல்யாணி என்றார். நான்கு கால்களும் முகமும் வெள்ளையாக உள்ள குதிரைக்கு அந்தப் பெயர். அது வாசலில் நின்றால் லக்ஷ்மி உள்ளே வந்து உட்காருவாள் என்பது ஐதீகம். மறுநாள் காலையில் முதல் ஸ்நானம் நடந்தபோது இடது பின்னங்காலின் வெண்மை சுண்ணாம்புக் குழம்பாகி வாய்க்காலோடு போய்விட்டது. மிச்சம் நான்கு கல்யாணந்தான்.

குதிரையைப் பார்த்துக்கொள்ள அமர்த்தியிருந்த சாயபு, மூன்று தலைமுறையாக லாயத்திலேயே வளர்ந்த குடும்பத்தவர், இதற்கெல்லாம் சிரிக்கவில்லை. ஒரு கையால் அதன் நாக்கைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு கீழ்வரிசைப் பற்களைப் பார்த்தார். முன்பற்களின் நடுவே உள்ள கரிய குழி ஆறாம் வயதில் நடு இரண்டிலும், ஏழாம் வயதில் அடுத்த இரண்டிலும், எட்டாம் வயதில் ஓரத்து இரண்டிலும் தேய்ந்து மறையுமாம். விற்றவர் ஐந்து வயது என்று சத்தியம் செய்த பிராணியின் வாயில் குழி என்று பேருக்கு ஒன்றுகூட இல்லை.

"சுழியெல்லாம் நல்லாத்தான் இருக்குங்க, எசமான்" என்றார் சாயபு. "குழியைத்தான் காணோம்."

அன்றிலிருந்து என் வீட்டில் சாயபுவின் ராஜ்யம் தொடங்கிற்று. விடியற்காலை நாலரை மணிக்கு முதலில் தண்ணீர், பிறகு மண் போக உதறி அலசிய அருகம்புல், அதற்கும் பிறகுதான் வேகவைத்து ஆறவைத்த கொள்ளும் தவிடும் ஒரு சிட்டிகைக்குச் சற்று அதிகமான உப்பும். இந்த வரிசை பிசகினால் அவர் என்னைப் பார்க்கும் பார்வையில், மாஜிஸ்ட்ரேட் முன் நிற்கும் உணர்ச்சி எனக்கு உண்டாகும். தினம் இரண்டு வேளை நான்கு குளம்புகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, அடியில் முக்கோணமாக இருக்கும் மெத்தைச் சதையின் இரு புறத்துப் பள்ளங்களிலும் அடைந்த சாணியையும் கல்லையும் வளைந்த இரும்புக் கொக்கியால் நோண்டி எடுத்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பார்க்கவேண்டும். துர்நாற்றம் வந்தால் குளம்பு அழுக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். குளம்பும் நம் நகத்தைப் போல வளர்ந்துகொண்டே இருப்பதால், லாடம் தேயாவிட்டாலும் ஆறு வாரம், மிஞ்சினால் எட்டு வாரத்தில் அதைக் கழற்றி, குளம்பைச் சீவி, மறுபடி அடித்தாகவேண்டும். என் செருப்பின் அடித்தோல் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது என்பதை இங்கே குறிப்பிடுவது அநாவசியம்.

ஆனால் சாயபுவின் சாஸ்திரத்தில் பிரதான அத்தியாயம் வயிறு. அத்தனை பெரிய சரீரத்தில் பகவான் ஏழெட்டுப் படிக்குமேல் கொள்ளாத இரைப்பையை வைத்தான். வைத்ததோடு நில்லாமல், தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் வாந்தி எடுத்துத் தப்பித்துக்கொள்ளும் வழியையும் அடைத்துவிட்டான். நாய்க்கும் பூனைக்கும் நமக்கும் அருளிய அந்தச் சலுகை குதிரைக்கு இல்லை. உள்ளே போனது முன்னோக்கித்தான் போகவேண்டும். இல்லாவிட்டால் குதிரையே போய்விடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாக, தினமும் ஒரே நேரத்தில் கொடுக்கவேண்டும். புதுத் தீனி எதையும் திடீரென்று கொடுக்கக் கூடாது.

அந்தச் சமயத்தில் வாசகசாலையில் மார்க்கோ போலோவின் யாத்திரைப் புஸ்தகம் அகப்பட்டது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த அந்த வெனிஸ் நகரத்து மனிதர், இங்குள்ள அரசர்கள் ஏராளமான பொன்னைக் கொட்டிக் கொடுத்து வருஷத்துக்கு 2,000-க்கு மேல் குதிரைகளை அரபுக் கடலைத் தாண்டி வரவழைத்ததையும், வருஷக் கடைசியில் அவற்றில் 100 கூட மிஞ்சாததையும், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாததும் வேகவைத்த சோற்றையும் மாம்சத்தையும் தீனியாகப் போட்டதுமே அதற்குக் காரணம் என்பதையும் எழுதிவைத்திருக்கிறார். மதுரை மன்னர்களின் மௌட்டியத்தை எண்ணி நான் நெடுநேரம் சிரித்து, சாயபுவிடமும் விஸ்தாரமாகச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தத் தொரை எந்த லாயத்துலே இருந்தாருங்க?" என்று மட்டும் மரியாதையாக விசாரித்தார்.

சிரித்ததற்குத் தண்டனை மார்கழி 27-ஆம் தேதி வந்தது. அன்று கூடாரவல்லி. பாலும் வெல்லமும் முழங்கை வழிய நெய்யுமாக என் பாட்டி செய்த அக்காரவடிசலில் எல்லோரும் உண்டு மீந்தது அரை உருளி. சாயபு தொழுகைக்குப் போயிருந்த சமயம் பார்த்து, "வாயில்லா ஜீவன், இதுக்கு மட்டும் பண்டிகை கிடையாதா?" என்று பாட்டி அந்த அரை உருளியையும் கொண்டுபோய் வைத்துவிட்டாள். ஜீவனுக்கு வாய் இருந்தது. உருளியைக் கழுவ வேண்டிய வேலைகூட மிச்சமில்லாமல் நக்கி வைத்தது.

இரவு ஒன்பது மணிக்குக் குதிரை முன்னங்காலால் தரையைப் பறிக்க ஆரம்பித்தது; ஏதோ மறந்துபோன சாமானைத் தேடுவதுபோல அடிக்கடி தன் விலாவைத் திரும்பிப் பார்த்தது; வியர்த்தது; படுத்து உருளப் பார்த்தது. சாயபு அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். ஆரோக்கியமான குதிரையின் வயிறு ஓயாமல் கடகடவென்று பேசிக்கொண்டே இருக்கவேண்டுமாம். இது மௌன விரதம் பூண்டிருந்தது. பெருங்காயமும் ஓமமும் இஞ்சியும் கலந்த கஷாயத்தை மூங்கில் குழாயால் புகட்டிவிட்டு, "உருளாம நடத்திக்கிட்டே இருங்க, எசமான், கால்நடை டாக்டரை எழுப்பிக் கூட்டியாறேன்" என்று அவர் மூன்று மைல் தூரத்துக்குப் புறப்பட்டார்.

எங்கள் ஊரில் நடப்பதற்கு லாயக்கான இடம் கோயிலைச் சுற்றிய நான்கு வீதிகள்தாம். மார்கழிப் பனியில், தலையில் முண்டாசோடு, நான் முன்னாலும் நான்கு கல்யாணி பின்னாலுமாகச் சுற்றினோம். என்னைச் சுமப்பதற்காக வாங்கிய வாகனத்தை நான் இழுத்துப் போனேன். நாய்கள் குரைத்தன, பாராக் கான்ஸ்டேபிள் ஒரு தடவை குதிரையையும் ஒரு தடவை என்னையும் சந்தேகித்தார். பத்தாவது சுற்றுவரை எண்ணினேன். பிறகு எண்ணிக்கை போய்விட்டது. விடியற்காலை நாலு மணி சுமாருக்கு, ஜால்ராவும் மிருதங்கமுமாக பஜனைக் கோஷ்டி கீழவீதியில் திரும்பிய அதே க்ஷணத்தில், குதிரை நின்றது, வாலைத் தூக்கிற்று, மூன்று உருண்டை லத்தி போட்டது. புத்திரோற்சவத்துக்குக்கூட நான் அப்படி ஆனந்தப்பட்டதில்லை. இரண்டு கைகளையும் தலைக்குமேல் கூப்பி, "நாராயணா!" என்று வாய்விட்டுக் கூவினேன்.

பஜனைக்காரர்கள் திகைத்துப் போனார்கள். நாஸ்திகன் என்று ஊரில் பெயர் வாங்கியிருந்த வக்கீல், மார்கழி மாதத்தில் இரவெல்லாம் அசுவ சமேதனாகக் கோயிலைப் பிரதட்சிணம் செய்து, கண்ணீர் மல்க நாமசங்கீர்த்தனம் பண்ணுவதை அவர்கள் நேரில் கண்டார்கள். தர்மகர்த்தாவின் பாகப்பிரிவினை வழக்கு அந்த வாரமே என்னிடம் வந்தது. எனக்கு வாய்த்த முதல் பெரிய கட்சிக்காரர் அவர்தாம்.

டாக்டர் வந்து, வயிற்றைத் தட்டிக் கேட்டு, அன்று முழுதும் பட்டினி, பிறகு சிறிது புல் மட்டும் என்று உத்தரவிட்டுப் போனார். குதிரையை லாயத்தில் கட்டிவிட்டு நானும் சாயபுவும் திரும்பியபோது, கையில் ஒரு மூடிய கிண்ணத்தோடு பாட்டி வந்துகொண்டிருந்தாள்.

"ராத்திரி முழுக்க நடந்திருக்கே, குழந்தை! ரெண்டே ரெண்டு இட்டிலி."

சாயபு ஒன்றும் பேசவில்லை. பாட்டியைப் பார்த்து ஒரு சலாம் போட்டுவிட்டு, லாயத்துக்குள் போய்க் கதவை உட்புறமாகத் தாழிட்டுக்கொண்டார்.