கை மாறிய வடை

திருவேங்கடத்தில் சாயங்காலம் நாலரை மணி வாக்கில், ஐம்பதைத் தாண்டிய நாலு பேர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்க, ஒருவர் "கை சரியில்லலே" என்று சொல்ல, மற்ற மூவரும் துக்க வீட்டு முகத்தோடு தலையாட்டினால், யாருக்கோ எலும்பு முறிவு என்று பதற வேண்டியதில்லை. ஒன்று, பருப்பு வடையைப் பற்றிப் பேசுகிறார்கள். அல்லது காமிக்ஸ் ஓவியர் ஒருவரைப் பற்றி. "ஓரம் முறுகல, நடு வேகல" என்றால் வடை. "கோடு தடிச்சிருச்சு, குதிரைக்குக் கால் வரல" என்றால் ஓவியர். "அவசரத்துல போட்டிருக்கான்" என்றால் கேட்பவர் பாடு திண்டாட்டம்தான், அது இரண்டுக்கும் பொருந்தும். வயசாகியும் பொம்மைப் புத்தகம் படிக்கிற ஆள் என்று ஊர் இவர்களை ஒரே வரியில் தீர்த்துவிடுகிறது. என் கட்சி வேறு. பெயரே தெரியாத ஒரு கலைஞனைக் கைப்பக்குவத்தை மட்டும் வைத்து அடையாளம் காண்கிற வித்தை இன்று காமிக்ஸ் ரசிகரிடம்தான் முழுசாக இருக்கிறது. அதில் பாதியை அவர் கற்றது எண்ணெய்ச் சட்டிக்கு எதிரே.

சான்று சிவகாசியிலேயே இருக்கிறது, திருவேங்கடத்திலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடுகிற தூரத்தில். 1972-இல் முத்து காமிக்ஸ் அங்கே பிறந்தபோது முதல் இதழாக வந்தவர் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துபோவார், கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அவரை வரைந்தவர் கதையும் அதேதான். இங்கிலாந்தில் 'வேலியன்ட்' வார இதழில் 1962-இல் மாயாவி தொடங்கியபோது, வரைந்த ஹெசூஸ் பிளாஸ்கோவின் பெயர் பக்கத்தில் கிடையாது. அந்நாட்டுச் சிறுவர் வார இதழ்களில் ஓவியர் பெயர் போடுகிற வழக்கம் அநேகமாக இல்லை; அதை உடைத்தது 1977-இல் வந்த '2000 ஏ.டி.' இதழ்தான். மூலத்திலேயே இல்லாத பெயர் சிவகாசி அச்சகத்துக்கு எங்கிருந்து வரும்? ஆனாலும் நம் ரசிகர் மாயாவியின் கன்னத்து நிழலையும், இன்னொரு பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகனான ஸ்பைடரின் முகத்தில் ஓவியர் ரெஜ் பன் இழுத்த நெருக்கமான பேனாக் கோடுகளையும் ஒன்றோடொன்று குழப்பியதே இல்லை. டீக்கடையிலும் இதே கதைதான். கல்லாவில் முதலாளி தெரிவார். சட்டிக்குப் பின்னால் நிற்பவரின் கை மட்டும் தெரியும். அந்தக் கை ஒருநாள் லீவு போட்டால், போர்டு மாறாது, மாவு மாறாது, எண்ணெய்கூட நேற்றைய எண்ணெய்தான், ஆனால் முதல் கடியிலேயே "அண்ணாச்சி, மாஸ்டர் வரலையோ?" என்று குரல் எழும்.

இதெல்லாம் ரசனை இல்லை, பழைய ஞாபகம், எட்டாம் வகுப்பில் தின்றதும் படித்ததும் எல்லாருக்குமே இனிக்கத்தான் செய்யும் என்பார்கள். வெறும் ஞாபகமாக இருந்தால் எல்லாமே ஒரே அளவில் இனித்திருக்க வேண்டும். இவரோ பாதியைத் திட்டுகிறார். நம்மிடம் கேப்டன் டைகராக வந்த புளூபெர்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1963-இல் பிரான்சில் தொடங்கிய அந்தத் தொடரை வரைந்தவர் ழான் ஜிரோ. ஆரம்ப ஆண்டுகளில் அவர் மெக்சிகோ போய்விட, நடுவில் சில பக்கங்களைக் குருநாதர் ஜிஜே வரைந்து கொடுத்தார். சிஷ்யன் அப்போது குருவைப் பார்த்தே வரைந்துகொண்டிருந்ததால் வித்தியாசம் மயிரிழைதான். அந்த மயிரிழையைப் பிடித்துக்கொண்டு ஒரு மாலை முழுக்கச் சண்டை போடுகிறவரை ஏக்கத்தில் மூழ்கியவர் என்று சொல்வது, மாமியாரைச் சமையல் குறிப்புப் புத்தகம் என்று சொல்வது போல. அமெரிக்காவிலும் இந்த இனம் உண்டு. டொனால்ட் டக் புத்தகங்களில் வால்ட் டிஸ்னி பெயர் மட்டும் இருந்த காலத்தில், ஓவியர் கூட்டத்திலிருந்து வாசகர்கள் ஒரு கையைப் பிரித்தெடுத்து 'நல்ல வாத்து ஓவியர்' என்று தாங்களே பட்டம் சூட்டினார்கள். அவர் கார்ல் பார்க்ஸ் என்று ரசிகர்கள் கண்டுபிடிக்க 1960 வாக்கில் ஆயிற்று. அங்கே சட்டியில் என்ன பொரிந்தது என்று தெரியவில்லை, ஏதோ பொரிந்திருக்கும்.

ஓவியத்தோடு பஜ்ஜியைச் சேர்ப்பது கலைக்கு அவமரியாதை என்று அடுத்த ஆட்சேபம் வரும். அதை முதலில் இத்தாலிக்காரர்களிடம் சொல்லுங்கள். 1948-இல் பொனெல்லி எழுத, கலெப்பினி வரையத் தொடங்கிய டெக்ஸ் வில்லரும் வெள்ளிமுடியார் கார்சனும் ஊருக்குள் நுழைந்தால் முதலில் தேடுவது கொள்ளைக்காரனையா? சாப்பாட்டுக் கடையை. வறுத்த மாட்டுக்கறியோடு மலை மாதிரி பொரித்த உருளைக்கிழங்கு மேஜைக்கு வந்த பிறகுதான் அடிதடி. கரிசல்காட்டு ரசிகருக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதே இல்லை. ஒரு பக்கம் சாத்தூர் காராச்சேவு, இன்னொரு பக்கம் விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டா என்று வளர்ந்தவருக்குப் பசித்த ரேஞ்சர் பங்காளி முறை.

எண்ணெய்க் கை புத்தகத்துக்கு ஆகாது என்பதுதான் மறுக்கவே முடியாத ஆட்சேபம். இங்கே ரசிகர் குலம் இரண்டாகப் பிளக்கிறது. ஒரு பிரிவினர் இரண்டு பிரதி வாங்குவார்கள்; ஒன்று படிக்க, ஒன்று பிளாஸ்டிக் உறையில் தூங்க. மறு பிரிவினரின் பழைய இதழ்களில் எந்தப் பக்கத்தில் வடை தீர்ந்தது என்பதைக் கறையை வைத்தே சொல்லலாம். இரண்டு பிரிவினருக்கும் பொதுவான பழக்கம் ஒன்று உண்டு. வடையை அழுத்தி எண்ணெய் பிழியக் கொடுக்கும் பேப்பரை முதலில் பிரித்துப் பார்ப்பார்கள். எடைக்குப் போன முத்து காமிக்ஸ் எத்தனையோ. அதில் ஒரு தாள் இப்படித் திரும்பி வந்துவிட்டால் என்ற பயம். டாக்டர் எச்சரித்த கொழுப்பைப் பற்றி அந்தப் பயம் கிடையாது.

பெயர் தெரியாமல் ரசிப்பது பெருமையா என்று கேட்கலாம். பக்கத்துக் கழுகுமலையில் வெட்டுவான் கோயிலைக் குடைந்தவர் பெயரும் நமக்குத் தெரியாதுதான், அதனால் உளி மழுங்கிவிடவில்லை. ஆனால் ரசிகர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். இணையம் வந்ததும் அவர் செய்த முதல் காரியம், தனக்குப் பிடித்த ஒவ்வொரு கைக்கும் ஆளைத் தேடியதுதான். பிளாஸ்கோ பிறந்தது பார்சிலோனா, ஜிரோவின் மறுபெயர் மோபியஸ் என்று இப்போது ஒப்பிக்கிறார், உச்சரிப்பு மட்டும் சங்கரன்கோவில் பக்கத்துது. ஒப்பித்துக்கொண்டே இரண்டாவது வடைக்குக் கை நீட்டுகிறார். பத்து வருஷமாக அதைச் சுட்டுக் கொடுப்பவரின் பெயரைக் கேளுங்கள். "மாஸ்டர்" என்பார்.