கடிகாரம் விரட்டாத ஆட்டம்

கேள்வி: சுடுவதும் துரத்துவதும் இல்லாத வீடியோ கேமில் அப்படி என்ன சுகம்? (மதுரை வாசகர்)

பதில்: தோற்க முடியாத சுகம்தான். 2023-இல் வெளிவந்த ‘வெண்பா’வே சான்று. டொராண்டோவின் விசை கேம்ஸ் உருவாக்கிய இந்த ஆட்டத்தில், 1980-களில் கனடாவில் குடியேறிய தமிழ்த் தாய் ஒருத்தி, கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லியும் புட்டும் செய்கிறாள். அழிந்துபோன வரிகளை ஊகித்துச் சமைப்பதே ஆடுபவரின் வேலை. நேரக் கெடு கிடையாது. தவறினால் மறுபடி சமைக்கலாம். இட்லி கல்லானாலும் முகம் சுளிக்க மாமியார் இல்லை. 2024-இல் பாஃப்டாவின் அறிமுக ஆட்ட விருது இதற்குத்தான் கிடைத்தது.

2016-இல் வந்த ‘ஸ்டார்டியூ வேலி’யில் பயிர் வளர்ப்பதும் இதே ரகம். மேலூர்ப் பக்கத்து விவசாயி பார்த்தால் பெருமூச்சு விடுவார்: பெரியாறு கால்வாயில் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்ற கவலையே அந்த வயலில் இல்லை. நிஜ வேலையிலிருந்து நஷ்டத்தையும் முதுகுவலியையும் கழித்தால் மிஞ்சுவதே இவ்வகை ஆட்டம். புதுமை என்றும் சொல்வதற்கில்லை. 14 குழிகளில் புளியங்கொட்டை போட்டுத் திண்ணையில் மதியத்தைக் கழித்த பல்லாங்குழிக்காரர்கள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஓர் எச்சரிக்கை: ‘வெண்பா’வை வெறும் வயிற்றோடு ஆட வேண்டாம்.