மருமவனுக்கு மூணு வாரக் கதை

ஏலே மருமவனே, வா, உக்காரு. வேட்டி அழுக்காயிரும்னு பாக்காதே, திண்ணையைத் தொடச்சுத்தான் வச்சிருக்கு. ஒன்றியச் செயலாளர் ஆயிட்டியாம், அடுத்தது டெல்லிதான்னு டீக்கடையில பேசிக்கிடுதாங்க. சந்தோசம். ரயில் ஏறுமுன்ன சரண்சிங் கதையைக் கேட்டுட்டுப் போ.

உத்தரப் பிரதேசத்துல மீரட் பக்கம் நூர்பூருல, 1902-ல, குத்தகைக் குடியானவன் வீட்டுல பொறந்த மனுசன். வக்கீலுக்குப் படிச்சாரு. அங்க ஜமீனை ஒழிச்ச சட்டத்துல அவரு உழைப்பு பெருசு. எனக்குப் பிடிச்சது பட்வாரி சமாச்சாரம். பட்வாரின்னா நம்ம கணக்குப்பிள்ளை மாதிரி. அவன் பேனா லேசா சாஞ்சா உன் வயக்காடு அடுத்தவன் வயக்காடு. ஆயிரக்கணக்குல பட்வாரிங்க ஒண்ணு சேந்து ராஜினாமா எழுதி மிரட்டுனாங்க. வருவாய் மந்திரி இவருதான். கெஞ்சலையே! அம்புட்டையும் ஏத்துக்கிட்டு, லேக்பால்னு புது ஆளுகளைப் போட்டுட்டாரு. மாசம் ஒருக்க ராஜினாமா மிரட்டல் விடுத ஆளாச்சே நீ, அதான் சொல்லுதேன்.

1959-ல நாகப்பூர் காங்கிரஸ்ல நேரு கூட்டுப் பண்ணைன்னு சொன்னப்ப, எந்திரிச்சு ஆகாதுன்னு பேசினாரு. அம்புட்டுத் துணிச்சல். ஆனா நாற்காலி ஆசை யாரை விட்டுது? 1967-ல காங்கிரஸை விட்டு வந்து முதலமைச்சர் ஆனாரு. ஒரு வருசம் தாங்கலை. 1977-ல மொரார்ஜி மந்திரிசபையில உள்துறை. அக்டோபர்ல இந்திரா அம்மாவைக் கைது பண்ணுனாங்க. மறுநாளே கோர்ட்டு விட்டுட்டு.

1979 ஜூலை 28-ல சரண்சிங் பிரதமர். யார் தயவுல? அந்த அம்மா தயவுலதாம்லே! ஆகஸ்ட் 15-ல செங்கோட்டையில கொடியேத்துனாரு. 20-ந்தேதி சபையில பலத்தைக் காட்டணும். அதுக்குள்ள அம்மா கையை விரிச்சாச்சு. ராஜினாமா குடுத்துட்டு, 1980 ஜனவரி வரைக்கும் காபந்துப் பிரதமர். பதவியில இருந்து நாடாளுமன்றத்தையே பாக்காத பிரதமர் அவரு ஒருத்தருதான்.

அவரு பொறந்த டிசம்பர் 23-ஐ உழவர் தினம்னு இன்னைக்கும் கொண்டாடுதாங்க. ஜூலை 28-ஐ எவன் கேக்கான்?

அது கிடக்கட்டும். உனக்குப் பதவி வாங்கிக் குடுத்தது யாரு? போன தேர்தல்ல கள்ள ஓட்டுப் போட்டாருன்னு நீ புகார் எழுதிக் குடுத்தியே, அந்தப் பெரிய வீட்டு அண்ணாச்சிதானே? தங்கமான மனுசன். அவரு போட்ட சால்வையைப் பத்திரமா மடிச்சு வை, திருப்பிக் கேட்டாலும் கேப்பாரு.

பட்டாவுல பேர் மாத்தணும்னு உங்க அப்பன் தாலுகா ஆபீசுக்கு நடையா நடக்கான். டெல்லி போற வழியில அதை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போயேன், மருமவனே.