ரேஸ் மச்சான்

ஹாலிஎல சந்தியிலிருந்து மூன்று பாதைகள் பிரிகின்றன. ஒன்று பதுளைக்கு. ஒன்று வெலிமடை வழியாக நுவரெலியாவுக்கு. மற்றது தெமோதரை வழியாகப் பண்டாரவளைக்கு. நேராகப் போகும் பழக்கம் மூன்றுக்குமே குறைவு. ரயில்கூட நேராக இறங்க முடியாமல் தெமோதரையில் ஒரு வட்டம் போட்டு, தான் நின்றுவிட்டு வந்த நிலையத்துக்கு அடியிலேயே நுழைந்து வெளியே வருகிற பிரதேசம் இது. இப்படிப்பட்ட ஊரில்தான் ரேஸ் மச்சான் பிறக்கிறார், வளைவுகளைப் பார்த்து வளர்கிறார், ஒரு நாள் கார் தேடத் தொடங்குகிறார்.

அவரை அடையாளம் காண்பது சுலபம். வயது இருபத்திரண்டுக்கும் முப்பத்திரண்டுக்கும் இடையில். வேலை பதுளையில் ஒரு போன் கடையிலோ கொழும்பில் ஒரு ஹார்ட்வெயாரிலோ இருக்கும். அண்ணன் கட்டாரில். கையில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து, அதில் டொயோட்டா ரேஸ் பிரிவின் டிஆர்டி என்ற மூன்றெழுத்து. சாவி மட்டும் அப்பாவின் த்ரீவீலருடையது. கால் செருப்புக்குள் இருந்தாலும் பெருவிரல் அக்சிலரேட்டரை மிதித்தபடியே இருக்கும். பஸ்ஸில் ஏறினால் சாரதிக்குப் பின்னால் உள்ள இருக்கைதான் வேண்டும். உடுவரை வளைவில் சாரதி கியர் மாற்றியது சரியா பிழையா என்று பக்கத்தில் இருக்கும் கொழுந்துப்பை அக்காவுக்கு விளக்குவார். அக்காவும் "அப்படியாங்க தம்பி" என்று கேட்டுக்கொள்வார். இறங்கும் இடம் வரும்வரை வேறு வழியில்லை.

ரேஸ் மச்சானின் உண்மையான தொழில் கார் ஓட்டுவதல்ல, தேடுவது. தேடித்தேடி விளம்பர மொழியில் அவர் பண்டிதராகிவிட்டார். "டாக்டர் பாவித்தது" என்று போட்டிருந்தால், "டாக்டர் பாவிச்சது உண்மைதான்ணே, ஆனா அது தொண்ணூத்தி நாலுல. அதுக்குப் பொறவு பாவிச்ச ஏழு பேரைப் பத்தி எழுதலையே" என்பார். "விபத்து இல்லை" என்றால் விற்பவர் கைக்கு வந்த பிறகு இல்லை என்று அர்த்தமாம். "ஏசியில் சிறு வேலை" என்றால் ஏசியே இல்லையாம். "வெளிநாடு செல்வதால் அவசர விற்பனை" என்ற விளம்பரம் மூன்று வருடமாக ஓடுகிறதாம். அந்த ஆள் இன்னும் விமானம் ஏறவில்லை.

இலக்கத் தகட்டைப் பார்த்தே காரின் ஜாதகத்தைச் சொல்வதும் அவருக்குக் கைவந்த கலை. ஸ்ரீ இலக்கம் என்றால் கண் கலங்கும். 1957 இல் வாகனத் தகடுகளில் சிங்கள ஸ்ரீ வந்தபோது தமிழர்கள் அதன்மேல் தார் பூசிப் போராடினார்கள். இன்று அதே ஸ்ரீ தகட்டோடு ஒரு பழைய கார் கிடைத்தால் மச்சான் அதற்கு மெழுகு பூசிப் பளபளப்பாக்குவார். வரலாற்றிடம் அவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: பெயின்ட் ஒறிஜினலா?

இந்த நாட்டில் மலிவான கார் தேடுவதே தனி ரேஸ். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசு நிறுத்தியது. தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடத்தில் பழைய கார் ஓட ஓட விலை ஏறியது. ஒரு நிசான் சனி காரை ஐந்து வருடம் ஓட்டி, இரண்டு மதிலில் உரசி, வாங்கிய விலைக்கு மேலே விற்றவர்கள் ஊவாவில் இருக்கிறார்கள். 2022 ஜூலையில், தட்டுப்பாட்டால் எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை வந்தது. காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். ஊரே கேன் தூக்கி வரிசையில் நின்றபோது மச்சான் மட்டும் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்: 20 லீற்றரில் ரேஸ் ட்ரெக்கில் எத்தனை சுற்றுப் போகலாம்? கார் அப்போதும் இல்லை.

அவருடைய கனவுப் பட்டியலில் முதலாவது டொயோட்டா ஸ்டார்லட் க்லான்ஸா. 1.3 லீற்றர் டர்போ, 135 குதிரைவலு, எடை ஒரு தொன்னுக்குள். இந்த மூன்றையும் அவர் சுப்ரபாதம்போல் சொல்வார். இரண்டாவது ஹொண்டா சிவிக், அதுவும் ஈஜி அல்லது ஈகே மொடல். இந்த இரண்டின் விலையைக் கேட்டதும் அவர் "காரு நல்லாத்தான் இருக்கு, ஆனா கலர் சரியில்ல" என்று திரும்பிவிடுவார்.

கைக்கு எட்டும் பட்டியல் வேறு. மஸ்டா 323, அல்லது அதே காருக்கு வேறு பெயர் ஒட்டிய ஃபோர்ட் லேசர். நிசான் மார்ச் கே11. எஃப்பி14 சனி. பழைய பொக்ஸ் லான்சர். கடைசியாக, அவர் பெயரைச் சொல்லவே கூச்சப்படும் மாருதி 800: 796 சிசி, மூன்று சிலிண்டர், எடை 650 கிலோ அளவு. இலங்கையின் ரேஸ் மைதானங்களில் லேசர், மஸ்டா 1300களும் குட்டி மார்ச்களும் தங்களுக்குள்ளேயே மோதிப் பல வருடம் ஓடியிருக்கின்றன. காரணம் எளிது. கார் மலிவு, எடை குறைவு, சாமான் கிடைக்கும். பஞ்சிகாவத்தையில் ஒரு காலைப்பொழுது அலைந்தால் பாதிக் காரைப் பையில் போட்டுக்கொண்டு இரவு மெயிலில் பதுளைக்கு வந்துவிடலாம். ஜப்பானில் பாதியாக அறுத்து அனுப்பிய ஹாஃப் கட்டும் அங்கே கிடைக்கும். முன்பாதி மட்டும் உள்ள அந்தக் காரைப் பார்த்து மச்சான் சொல்வார்: "பாதி வந்திருச்சுண்ணே, மீதிய நாம பார்த்துக்கலாம்."

அவர் பேச்சை முழுவதும் கேட்பவர் ஒருவர்தான், கராஜ் பாஸ். அவருக்குத் தமிழ் பாதி, சிங்களம் பாதி, பொறுமை முழுவதும். மச்சான் வந்து, "பாஸ், லேசருக்கு டர்போ போட்டா எப்படி?" என்றால், அவர் ஜக்கில் நிற்கும் காருக்கு அடியிலிருந்தே பதில் சொல்வார்: "மல்லி, மொதல்ல நிக்கிற வேலையைப் பாரு. பொறவு ஓடுற வேலையைப் பார்க்கலாம்."

பாஸ் சொல்வதில் விஷயம் இருக்கிறது. ட்ரெக்கில் மலிவான காரை முதலில் கவிழ்ப்பது எஞ்சின் அல்ல, பிரேக். சுற்றுக்குச் சுற்று மிதித்தால் பேட் சூடாகும், அந்தச் சூடு பிரேக் ஒயிலுக்கு ஏறும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சாமான். புதிய டொட் 4 ஒயில் 230 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 155 பாகையிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் குழாயில் குமிழி, குமிழி வந்தால் பெடல் பலகை வரை இறங்கும், கார் நிற்காது. பண்டாரவளையிலிருந்து மரக்கறி ஏற்றி இறங்கும் லொறிக்காரருக்கு இது தெரியும். அதனால்தான் அவர் இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் கியரில் இறங்குகிறார். மச்சானுக்கும் தெரியும். ஆனால் புதிய பிரேக் ஒயிலை யாருக்கும் காட்ட முடியாது, புதிய சைலன்சரை ஊருக்கே கேட்க வைக்கலாம்.

இன்னொன்றையும் பாஸ்தான் சொன்னார். மேலே போகப் போகக் காற்று மெலியும். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீற்றருக்கு ஏறத்தாழப் பத்து வீதம் சக்தியை இழக்கும். நுவரெலியா 1,868 மீற்றர். கொழும்பில் நூறு குதிரையோடு புறப்பட்டால், பதினெட்டுக் குதிரை வழியில் இறங்கிவிடும். இதைக் கேட்ட அன்று மச்சான் இரவு முழுக்கத் தூங்கவில்லை. அந்தப் பதினெட்டுக் குதிரையைத் திரும்பப் பிடிக்க ஏர் ஃபில்டர் ஒன்று வாங்கினார். கார் இன்னும் வாங்கவில்லை.

நுவரெலியா என்றதும் அவர் குரல் இறங்கும். அங்கே மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1930களிலேயே தொடங்கிவிட்டது. தேயிலைக்கு நடுவே போகும் தோட்டப் பாதையில் ஒருவர் பின் ஒருவராகக் காரில் ஏறி, நேரத்தைக் கணக்கிடுவார்கள். அந்தக் காலத்தில் காரும் பெற்றோலும் துரைமாரிடம் இருந்தன. பாதைக்குக் கல் உடைத்த கைகள் நம்மவருடையவை. "நம்ம தாத்தன் போட்ட ரோட்டுலதானே ஓடுறாங்க, நாம ஓடினா என்ன?" என்று மச்சான் கேட்கும்போது மட்டும் கராஜில் யாரும் சிரிப்பதில்லை. அவர் பேச்சில் பிழை பிடிக்க முடியாத வாக்கியம் அது ஒன்றுதான்.

அவருக்குக் கிட்டிய மைதானம் தியத்தலாவை. கடலே தெரியாத அந்த ஊரில் ஒரு குன்றுக்குக் கப்பலின் பெயர். எச்எம்எஸ் ஃபொக்ஸ் கப்பலின் மாலுமிகள் வெள்ளைக் கற்களை அடுக்கி அங்கே ஒரு நரியை வரைந்தார்கள், குன்று ஃபொக்ஸ் ஹில் ஆனது. இராணுவ வளாகத்திலுள்ள மண் பாதையில் ஃபொக்ஸ் ஹில் சூப்பர் குரொஸ் கார்ப் போட்டி நடந்திருக்கிறது. தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகச் சோற்றுப் பொட்டலத்தோடு போயிருக்கிறார்கள்.

2024 ஏப்ரல் 21 இல் அங்கே ஒரு கார் பாதை விலகிப் பார்வையாளருக்குள் பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுமி உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு மச்சான் கொஞ்சக் காலம் கார் பேச்சையே எடுக்கவில்லை. மறுபடி கராஜுக்கு வந்தபோது டர்போவைப் பற்றிக் கேட்கவில்லை. "பாஸ், ரோல் கேஜ் அடிக்க எவ்வளவு போகும்? பார்க்க வர்ற சனம் எவ்வளவு தூரம் தள்ளி நிக்கணும்?" என்று கேட்டார். முதல் கேள்விக்கு பாஸிடம் பதில் இருந்தது. இரண்டாவது கேள்வி பாஸிடம் கேட்க வேண்டியதல்ல, போட்டி நடத்துபவர்களிடம் எல்லோரும் கேட்க வேண்டியது.

வீட்டில் நிலைமை வேறு. அம்மா மலையில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். அவருடைய இபிஎஃப் காசு வரும் மாதமும் மச்சான் "நல்ல லேசர் ஒன்னு வந்திருக்கும்மா" என்று வரும் மாதமும் எப்படியோ ஒன்றாக அமைந்துவிடுகிறது. பழைய மொடல் என்றால் லீசிங்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அம்மாவால் அது முடியாது. ஆனால் அவர் ஒரு கேள்வி கேட்பார்: "ஏன்டா, காரு வாங்கி ஓட்டப் போறியா, பிரிக்கப் போறியா?"

கடைசியில் இபிஎஃப் காசு கூரைத் தகரத்துக்குப் போகும். அண்ணன் அனுப்பியதும் சீட்டு எடுத்ததும் சேர்ந்து ஒரு மார்ச் கே11 வரும். லயத்தில் நிறுத்த இடமில்லாததால் கோயில் முன்னால் நிற்கும். முதல் மாதம் சைலன்சர் மாறும். அடுத்த மாதம் அலோய் ரிம். மூன்றாவது மாதம் பின்னால் ஒரு ஸ்பொய்லர், த்ரீவீலரையே அதில் காயப்போடலாம் போன்ற அகலத்தில். ஆடித் திருவிழாவில் கோயில் மைக்குக்கும் மார்ச் சைலன்சருக்கும் போட்டி நடக்கும், கமிட்டித் தலைவர் மைக்கின் பக்கம் தீர்ப்புச் சொல்வார். பிறகு வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைக்குப் போகும் நாள் வரும். முதல்நாள் இரவு மச்சான் பழைய சைலன்சரைத் தேடிக் கட்டிலுக்கடியில் ஊர்வார். 2025 இல் பொலிஸார் சத்தச் சைலன்சர்களையும் கலர் லைட்டுகளையும் குறிவைத்து இறங்கிய பிறகு, பழைய சைலன்சர் வருடம் முழுக்கக் காரிலேயே இருக்கிறது.

இத்தனைக்கும் அவர் பயனில்லாத ஆள் அல்ல. கார்ப்பெட்டைத் தூக்கித் துருவைக் கண்டுபிடிப்பார். கதவிடுக்கில் நகத்தால் கீறி, வெட்டி ஒட்டிய காரைச் சொல்லிவிடுவார். ஒயில் மூடியைத் திறந்து பால்போல் நுரைத்திருந்தால் கெஸ்கட் போயிருக்கிறது என்று அறிவிப்பார். ஒரு தரகரும் அவரை ஏமாற்ற முடியாது. அவரை ஏமாற்ற அவர் ஒருவரால்தான் முடியும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கலண்டரில் குறித்துக் குறித்து ஒயில் மாற்றிய எஃப்பி14 சனியைக் காட்டினால், சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிண்ணே, ஆனா இதுல ஒன்னுமே செய்ய இல்லையே" என்று உதட்டைப் பிதுக்குவார். உண்மையில் பணத்தைப் பிரேக்குக்கும் டயருக்கும் ஷொக்குக்கும் செலவழித்து ட்ரெக்குக்குக் கொண்டுபோக அதைவிட நல்ல கார் ஊவாவில் கிடைக்காது.

ஆகவே, ட்ரெக்குக்கோ சந்தைக்கோ, பழைய கார் வாங்கப் போகிறவர்கள் கட்டாயம் ஒரு ரேஸ் மச்சானைக் கூட்டிப்போங்கள். தேத்தண்ணியும் வடையும் வாங்கிக்கொடுத்து, அவர் சொல்வதை எல்லாம் கவனமாகக் கேளுங்கள். அவர் பரவசப்படும் காரை விட்டுவிடுங்கள். "இதுல ஒன்னுமே செய்ய இல்லையே" என்று அவர் சலித்துக்கொள்ளும் காருக்கு முற்பணம் கொடுங்கள்.