திம்பத்துல திக்குதா வண்டி?

வா கண்ணு, ஒக்காரு. கையில என்னமோ டப்பா வெச்சிருக்கறயே, ஸ்கேனரா? அட சாமி! வயரு, கலர் ஸ்கிரீனு, எல்லாம் ஜோராத்தான் இருக்குது. ஒரே ஒரு கேள்வி. அத எங்க சொருகப் போற?

உன்ற தாத்தன் வாங்கி, உன்ற அப்பன் ஓட்டுன லாரி அது. 1954ல ஜாம்ஷெட்பூர்ல டாடாக்காரரு பென்ஸ்காரனோட சேந்து லாரி கட்ட ஆரம்பிச்சாரு. 1969ல அந்தக் கூட்டு முடிஞ்சுபோச்சு. ஆனா எஞ்சினு மட்டும் அதே வம்சத்துல பெருகிட்டே வந்துது. உன்ற வண்டியும் அந்த வம்சந்தான். பல்சக்கரத்துல சுத்தற டீசல் பம்ப்பு, செம்பு வாசரு, இரும்புக் குழாயி. அவ்வளவுதான். கம்ப்யூட்டரே இல்லாத வண்டிகிட்டப் போயி எரர் கோடு என்னன்னு கேட்டா அது என்ன சொல்லும்? 2020ல வந்த பி.எஸ்.6 வண்டிக்கு டப்பா வேணும், அத நான் நொட்டை சொல்லல. இதுக்கு உன்ற காது போதும்.

அதென்ன பொட்டலம்? எஞ்சின்ல ஊத்தற மருந்தா? ஒரு பாட்டிலு ஊத்துனா இழுவ பிச்சுக்கிட்டு வரும்னு வீடியோவுல ஒருத்தன் சொன்னானா? கேக்கறவன் கேனையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பாங்க. பாட்டில ஓரமா வெய்யி.

மொதல்ல சொல்லு, எப்படித் திக்குது? வெறும் வண்டியிலயா, லோடோடயா? பண்ணாரி தாண்டி திம்பம் ஏறறே. 27 கொண்டை ஊசி வளவு. ஒரு வளவுல ஒடிச்சுத் திருப்பிட்டு ஆக்சிலேட்டர மெதிக்கறே. வண்டி சித்த நேரம் யோசிச்சுட்டுத்தான் இழுக்குதா? அப்பக் கிளீனர் பையனத் தலைய நீட்டிப் பொகையப் பாக்கச் சொன்னயா? சொல்லல. அவன் போனப் பாத்துட்டு இருந்திருப்பான்.

கரும்பொகை கக்குனா டீசலு வருது, காத்துதான் பத்தல. ஏர் பில்டரக் கழட்டு. வெள்ளப் பொகையோட நடுங்குனா ஏதோ ஒரு சிலிண்டர்ல டீசலு எரியாமப் போவுது. பொகையே இல்லாமத் தொங்கிப் போனா டீசலே போய்ச் சேரல. என்னது, பொகையே வரலியா? அப்பறம் எதுக்கு உன்ற வண்டியப் பாத்த பட்டறைக்காரன் எஞ்சினப் பிரிக்கோணும்னான்? எலிக்குப் பயந்து வீட்டக் கொளுத்துன கதையால்ல இருக்குது!

டீசல் டேங்க் மூடியில ஒரு பொடி ஓட்ட இருக்கோணும், பாத்திருக்கறயா? டீசலு எறங்க எறங்க அந்த வழியாக் காத்து உள்ள போவோணும். சேறு அடைச்சுதுன்னா டேங்க்கு மூச்ச இழுத்துப் புடிச்சுக்கும், வண்டி திக்கும். நீ எறங்கி மூடியத் தொறப்பே, 'உஸ்ஸு'ன்னு சத்தங் கேக்கும். மூடிட்டு ஏறுனா கொஞ்ச தூரம் ஒழுங்கா ஓடும். உடனே "மருந்து வேல செய்யுதுங்க"ம்பே! ஒரு குண்டூசியில முடியற சோலி கண்ணு அது.

அங்கிருந்து குழாயோடவே நடந்து வா. டேங்க்குக்கும் பீட் பம்ப்புக்கும் நடுவுல இருக்கற குழாயிதான் பெரிய கள்ளன். மத்த எடத்துல லீக்குன்னா டீசலு ஒழுகும், கண்ணுக்குத் தெரியும். இங்க பம்ப்பு இழுக்கறதால ஒழுகாது, காத்த உள்ள வாங்கும். "ஒரு சொட்டுக் கூடக் கீழ விழுகலீங்களே"ன்னு வாதம் பண்ணுவே. விழுகாது, அதான் சூச்சுமமே. அந்த எடத்துல ஒரு கண்ணாடி டியூபு போட்டு எஞ்சின ரெய்ஸ் பண்ணிப் பாரு. பொடிப்பொடியாக் குமிழி ஓடுச்சுன்னா ஆளு சிக்கிட்டான். நசுங்குன செம்பு வாசர மாத்து. பழச உப்புத்தாள்ல தேச்சுப் போட்டுறலாம்னு சிக்கனம் பண்ணாத.

பீட் பம்ப்பு வாயில சன்னமா ஒரு வல இருக்கும். அதக் கழட்டுன ஆளு ஊருக்கு ஒருத்தரு இருந்தா எச்சு. டீசல் பில்டரு ரெண்டையும் ஒழுங்கா மாத்துவாங்க, இத மறந்துருவாங்க. உன்றதக் கழட்டி வெரல்ல தடவிப் பாரு. கறுப்பா, கொழகொழன்னு ஒட்டுனா டேங்க்குல தண்ணி எறங்கிப் பாசி புடிச்சிருக்குது. அப்ப டேங்க்கயுங் கழுவோணும். மாட்டுனப்பறம் ஏர் எடு. பில்டர் தலையில இருக்கற போல்ட்ட லூசு பண்ணிட்டுக் கைப்பம்ப்ப அடி. மொதல்ல நொரை வரும். நொரை நின்னு சுத்த டீசலு வர்ற வரைக்கும் அடி. நொரையோட டைட்டு வெச்சுட்டு வந்தவனெல்லாம் ஊரு தாண்டுனதும் நின்னு போன் பண்றான்.

இன்னொண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. கேபின்ல புதுசா மெத்தையாட்டம் மேட்டு போட்டயே, எப்பப் போட்ட? போன மாசமா? வண்டி இழுக்காமப் போனது எப்ப இருந்து? அட, அதுவும் போன மாசந்தானா! பையன உள்ள ஒக்காத்தி ஆக்சிலேட்டர அடி வரைக்கும் மெதிக்கச் சொல்லிட்டு, நீ டீசல் பம்ப்புகிட்ட நில்லு. லீவரு கடைசி வரைக்கும் போயி முட்டுதா? முட்டலீன்னா மேட்ட உருவு. கலர் லைட்டுக்கும் பாட்டுப் பொட்டிக்கும் கொட்டுன காசுல ஆக்சிலேட்டர் ராடுக்கு ஒரு முள்ளு வாங்கியிருக்கலாம், சரி உடு.

இதுக்கப்பறமும் திக்குனா நாசில் பக்கம் போ. ஓடறப்பவே ஒவ்வொரு நாசில் குழாயி நட்டையும் சித்த லூசு பண்ணிப் பாரு. நல்ல சிலிண்டர்ல பண்ணுனா எஞ்சின் சத்தம் மாறும். மாறாத சிலிண்டருதான் கோளாறு. மொகத்தக் கிட்டக் கொண்டு போவாத, வெரலக் குறுக்க நீட்டாத. அந்தக் குழாயில டீசலு எறநூறு பாருக்கும் மேல அழுத்தத்துல வருது, தோலக் கிழிச்சு உள்ள போயிரும்.

கடேசியாத்தான் டீசல் பம்ப்பு. அதுலயும் நீயே ஸ்குரூவத் திருகாத. சீல ஒடச்சு டீசல எச்சாக்குனா ரெண்டு நாளைக்கு இழுக்கும், அப்பறம் திம்பம் பூராக் கரும்பொகைதான். பம்ப்பு கடைக்குக் கொண்டு போ. பெஞ்சுல ஏத்திச் சுத்த உட்டு, ஆறு கண்ணாடிக் குடுவையிலயும் ஒரே மட்டத்துக்கு டீசலு விழுகுதான்னு பாப்பாங்க. நீயும் நின்னு பாரு. மேஸ்திரி "தம்பி, போயி டீ குடிச்சுட்டு வாங்க"ம்பாரு. போயிறாத. அப்பத்தான் அந்தாளு அஞ்சாவது குடுவைய விட்டுட்டு ஆறாவதுக்குத் தாவுவாரு.