வெறுங்கைக்கு ஒரு நாடா

வெறுங்கை முழம் போடாது என்பார்கள். வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் ரோஹிங்கியா அகதி முகாம்களில் வெறுங்கைக்கே முழம் போடுகிறார்கள். குழந்தையின் மேல்கையில் ஒரு நாடா. சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் சிவப்பு, அதாவது கடும் ஊட்டச்சத்துக் குறைவு; நிலக்கடலைப் பசைப் பொட்டலம் கிடைக்கும். 11.6 என்றால் மஞ்சள். அதற்கு வேறு வரிசை. கை ஒரு நூல் பருத்துத் தொலைத்ததே என்று தாய் வருந்த வேண்டிய ஏற்பாடு.

நாடாவைக் குறை சொல்லவில்லை. எத்தனையோ உயிரைக் காப்பாற்றுகிறது, விலையும் அற்பம். கூடவே வரும் அறிவுரைதான் ருசி: கர்ப்பிணிகள் முட்டை, மீன், கீரை, பருப்பு சேர்த்துக்கொள்ளவும். சேர்த்துக்கொள்ளலாம்தான். 2023இல் நிதியில்லை என்று ஆளுக்கு மாதம் 12 டாலராக இருந்த உணவுப்படியை மார்ச்சில் 10, ஜூனில் 8 என்று இறக்கினார்கள். நாளுக்கு 27 சென்ட். வெளியே வேலைக்குப் போகவும் சட்டம் விடாது. அறிவுரையில் மட்டும் வெட்டு விழவில்லை.

காக்ஸ் பஜார், கடற்கரை ஹோட்டல்களுக்குப் பேர்போன ஊர். ஊட்டச்சத்துக் கூட்டம் போட இடப்பஞ்சமே கிடையாது.

2024 ஜனவரியில் படியை 10 டாலராக்கினார்கள். முட்டைக்கு வழி பிறந்ததா என்று கேட்டுவிடாதீர்கள். அதற்கும் ஒரு கணக்கெடுப்பு வைப்பார்கள்.